ஓட்டலில் கிடைக்காத சோறு

டில்லியில் ஒரு தமிழரைச் சந்திக்கும் எவரும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இட்லி, தோசை, சாம்பார் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கரோல்பாக்கிலிருந்து மயூர் விஹார் வரை எந்தப் பக்கம் போனாலும் ஒரு மசால் தோசை கிடைத்துவிடுகிறது. பஞ்சாபிக் கல்யாண வரவேற்பில்கூட சாட் கடைக்குப் பக்கத்திலேயே தோசைக்கல்லும் இடம் பிடித்திருக்கிறது. அரைத்த மாவே பாக்கெட்டில் வந்துவிட்டது. ஆகவே இட்லி, தோசையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நாமெல்லாம் மறந்துபோனாலும் அவை பிழைத்துக்கொள்ளும்.

என் கவலை வேறு. நம் ஒவ்வொரு வீட்டிலும் ஓட்டல் பலகையில் ஏறாத சாப்பாடு ஒன்று உண்டு. பண்டிகைக்குச் செய்யமாட்டோம். விருந்தாளி வந்தால் அதைப் போடக் கூச்சப்படுவோம். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில், காய்கறி தீர்ந்துபோன நாளில், வீட்டு மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது. அதற்கு நம் அடுப்பைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. எங்கள் வீட்டில் அந்த இடம் உளுந்தஞ்சோற்றுக்கு.

நெல்லைச் சீமைச் சோறு

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் நீக்காத உடைத்த கருப்பு உளுந்தை வாசனை வர வறுத்து, அரிசியோடு பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல் சேர்த்துக் குழைய வேகவைப்பதுதான் உளுந்தஞ்சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். ஒரு சுட்ட அப்பளம் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

பார்வைக்கு ஒன்றும் இருக்காது. சாம்பல் நிறத்தில் கருப்புத் தோல் மிதக்கும். ஆனால் பெரியவர்கள் சேர்த்து வைத்த சேர்க்கையைப் பாருங்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அது உளுந்தில் நிறைய இருக்கிறது. உளுந்தில் மெத்தியோனின் குறைவு. எள்ளில் அது தாராளம். மூன்றும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடுகிறது. பெரிய மனுஷியான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுக்கிற ஊர் அது. உளுந்தின் அருமையை யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

ராமகிருஷ்ணபுரத்தில்

1988-இல் கல்யாணமாகி நான் டில்லிக்கு வந்தபோது, நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரை வந்து, அங்கிருந்து ஆட்டோவில் சென்ட்ரல் போய், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தோம். சாமான்களில் பாதி சாப்பாட்டுச் சாமான். உடன்குடிக் கருப்பட்டி, புளி, மிளகாய் வற்றல், ஒரு டின் நல்லெண்ணெய், ஐந்து கிலோ தொலி உளுந்து. டில்லியில் உளுந்து கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் என் அம்மாவுக்கு!

ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்புக்குப் பக்கத்து மளிகைக் கடையில் உளுந்தே மூன்று விதமாக இருந்தது. முழுசாக இருந்தால் சாபுத். பஞ்சாபியரின் தால் மக்னிக்குப் போவது அதுதான். தோல் நீக்கியது துலி. நம் இட்லிக்கு ஆகும். தோலோடு உடைத்தது சில்கா. ஆக, ஊர்த் தொலி உளுந்துக்கு இங்கே பெயர் மட்டும்தான் வேறு. எள்ளுக்கும் பஞ்சமில்லை. லோடி பண்டிகை நெருங்கிவிட்டால் ரேவடி, கஜக் என்று ஊரே எள்ளாக மணக்கும். தேங்காய் மட்டும் யானை விலை. அரை மூடியை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

கோரக்பூர் கிச்சடி

2014-இல் மாமா காலமானபின், அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்த அத்தையை நாங்கள் டில்லிக்கு அழைத்து வந்தோம். அத்தைக்கு அப்போது 74 வயது. அறுபது வருஷம் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டவருக்கு என் அடுப்படியில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாஷை தெரியாது, குளிர் ஆகாது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். "என்னைய ஊருக்குக் கொண்டு விட்டுரு" என்பது தினசரிப் பல்லவி. மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். டாக்டர் சோதித்துப் பார்த்து, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார்.

அந்தத் தை மாதப் பிறப்பன்று மேல்வீட்டுக் கோரக்பூர் அம்மாள் ஒரு கிண்ணத்தில் கிச்சடி கொண்டுவந்து கொடுத்தார். நமக்குப் பொங்கல் என்றால் உத்தரப் பிரதேசத்தில் அதே நாளுக்குப் பெயரே 'கிச்சடி'தான். கோரக்பூர் கோரக்நாதர் கோயிலில் அன்று அரிசியும் பருப்பும் காணிக்கையாகக் குவியும். வீடுகளில் அரிசியோடு தோல் உளுந்து சேர்த்துக் கிச்சடி பொங்குவார்கள். கூடவே எள்ளுருண்டை.

அத்தை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏளா, இது நம்ம உளுந்தஞ்சோறுல்லா! தேங்காயத்தான் காணோம். இஞ்சியைப் போட்டு வச்சிருக்கா" என்றார். கிண்ணம் காலியாகிவிட்டது. மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் அடுப்படியில் உளுந்து வறுபடும் வாசனை! கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்து, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாடி ஏறினார். டில்லி வந்தபின் அவராக இன்னொரு வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அதன்பின் அந்த அம்மாளும் அத்தையும் சாயங்காலத்தில் வெயில் காய உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அவர் போஜ்புரியில் பேசுவார். அத்தை அம்பாசமுத்திரத் தமிழில் பதில் சொல்லுவார். ஊருக்குப் போகும் பேச்சு தானாக நின்றுவிட்டது.

கையளவும் கிராமும்

2020 ஊரடங்கின்போது புனேயில் வேலையிலிருந்த என் மகன் அறையில் தனியாக மாட்டிக்கொண்டான். ஒரு நாள் போனில் அத்தையிடம், "ஆச்சி, உளுந்தஞ்சோறுக்கு எவ்வளவு உளுந்து?" என்று கேட்டான். "ரெண்டு கை போடு" என்றார் அத்தை. "யார் கை, ஆச்சி?" என்றான் அவன்.

நியாயமான கேள்வி. வீட்டில் சின்னத் தராசு இருந்தது. அத்தையை மூன்று முறை அள்ளச் சொல்லி நிறுத்தேன். 44, 46, 45 கிராம். என் கைக்கு ஒரு முறை 30, மறுமுறை 50! அன்று எழுதி வைத்த அளவை இங்கே தருகிறேன். நான்கு பேருக்குப் போதும்.

பச்சரிசி 200 கிராம், தொலி உளுந்து 90 கிராம், பூண்டு 15 பல், வெந்தயம், சீரகம் தலா அரை டீஸ்பூன், தேங்காய் அரை மூடி, தண்ணீர் 900 மில்லி, தேவையான உப்பு. உளுந்தை எண்ணெயில்லாமல் வறுத்து, அரிசியோடு ஒரு முறை களைந்து (மிதக்கும் தோலைக் கொட்டிவிடாதீர்கள், ருசியே அதில்தான்), எல்லாவற்றையும் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் விட்டு இறக்கவும்.

துவையலுக்கு, 50 கிராம் எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுக்கவும். வறுத்த மிளகாய் வற்றல் நான்கு, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு பல் பூண்டு, இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்கவும்.

அத்தை 2021-இல் காலமாகிவிட்டார். புனேயில் மகன் வீட்டில் மாதம் இரண்டு முறை உளுந்தஞ்சோறு பொங்குகிறது. மராத்தி பேசும் மருமகள்தான் செய்கிறாள். அதே 90 கிராம்தான்.

உங்கள் வீட்டில் எது?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். கொங்கு நாட்டவருக்கு அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளுப் பருப்பும். தர்மபுரிப் பக்கத்தாருக்குக் களியும் கீரைக் கடைசலும். நாஞ்சில் நாட்டவருக்குத் தீயல். இவற்றைக் காப்பாற்ற எந்த ஓட்டல்காரரும் வரப்போவதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அவர்கள் கையால் அள்ளட்டும். நீங்கள் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.