‘ஹம்மா ஹம்மா’ ரெமோ: பாப்புக்கு முன்னாடி வீட்டிலேயே செய்த ராக் ஆல்பம் பற்றித் தெரியுமா?

‘பம்பாய்’ (1995) படத்தின் ‘அந்த அரபிக் கடலோரம்’ பாட்டைக் கேட்காதவங்க குறைவு. தமிழில் பாடியவர் ஏ.ஆர்.ரஹ்மான். இந்தியில் அதே பாட்டை ‘ஹம்மா ஹம்மா’ என்று கேட்டிருந்தால், அந்தக் குரல் ரெமோ பெர்னாண்டஸுடையது.

பலருக்கும் அவர் ஒரு பாப் பாடகர். ஆனால் அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 1984-ல், ‘கோவன் கிரேஸி’ என்ற ஆல்பத்தைத் தனி ஆளாகச் செய்து வெளியிட்டவர் அவர். பாட்டு எழுதும் ஆர்வம் உங்களுக்கும் இருந்தால், இந்தக் கதை பயன்படும்.

யார் இந்த ரெமோ?

கோவாவின் சியோலிம் ஊர்க்காரர், 1953-ல் பிறந்தவர். மும்பையில் கட்டடக்கலை படித்தபோது ‘தி சாவேஜஸ்’ என்ற ராக் குழுவில் இருந்தார். பிறகு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

ஏன் வீட்டிலேயே ரெக்கார்டிங்?

அன்றைய இந்திய இசைச் சந்தை என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிப் பாடுபவருக்குக் கம்பெனிகளில் பெரிய வரவேற்பு கிடையாது. அதிலும் ரெமோ எழுதியது கோவா மக்களின் வாழ்க்கையைப் பற்றி. அதனால் சியோலிம் வீட்டிலேயே, நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்தார். பாட்டு, குரல், வாத்தியங்கள், அட்டைப்பட டிசைன் எல்லாமே அவர்தான். கேசட்டுகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் கடைகளுக்குப் போட்டதும் அவரே.

நான்கு டிராக்கில் எப்படி ஒரு ஆல்பம்?

சாதாரண கேசட்டில் பக்கத்துக்கு இரண்டு டிராக். இந்த மெஷின் நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தும். முதலில் டிரம்ஸ், அதைக் கேட்டுக்கொண்டே கிடார், அப்புறம் பேஸ். இந்த மூன்றையும் கலந்து நான்காவது டிராக்கில் ஏற்றினால், மற்ற மூன்றும் காலி. மேலே குரல்களைச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இரைச்சல் கூடும். கலந்ததைப் பிரிக்கவும் முடியாது, ‘அன்டூ’ பட்டன் கிடையாது! அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’வும் (1982) இப்படி நான்கு டிராக் கேசட்டில், வீட்டில் பதிவானதுதான்.

பாப் பக்கம் எப்போது போனார்?

‘பேக் தட் ஸ்மாக்’ (1986), ‘பாம்பே சிட்டி’ (1987) ஆல்பங்கள் வந்தன. ‘ஜல்வா’ (1987) படப் பாட்டு இந்தி ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது. ‘ஹம்மா ஹம்மா’வுக்குப் பிறகு, 1998-ல் ‘ஓ மேரி முன்னி’ என்ற இந்தி பாப் ஆல்பம். 2007-ல் பத்மஸ்ரீ. சந்தை அவரைத் தேடி வரும் முன்பே, சொந்தப் பாட்டோடு தனக்கென்று ரசிகர்களைச் சேர்த்துவிட்டார் என்பதுதான் இதில் முக்கியம்.

சரி, உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரிப்பவருக்கே. கம்பெனி தயாரித்தால் அது கம்பெனிக்குப் போகும். உங்க வீட்டில் நீங்களே எழுதி, மெட்டமைத்து, பதிவு செய்தால் மூன்றும் உங்களுடையது. வரிகளுக்கும் மெட்டுக்கும் வரவேண்டிய ராயல்டியில் படைப்பாளிக்கான பங்கை, ஒப்பந்தம் போட்டுகூடப் பறிக்க முடியாதபடி 2012-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை; எழுதிக் கொடுத்தால் போனதுதான்.

இன்று நான்கு டிராக்கும் வேண்டாம், ஸ்கூட்டரும் வேண்டாம். ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இருக்கும் ஒருவர், ஸ்டுடியோவுக்காகச் சென்னைக்குக் கப்பலேறத் தேவையில்லை. லேப்டாப்பில் பதிவு செய்து அங்கிருந்தே ஸ்ட்ரீமிங்கில் ஏற்றலாம். ஆனால் யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், கையெழுத்துக்கு முன்னாடி ஒன்றை மட்டும் பாருங்க: மாஸ்டர் ரெக்கார்டிங் யார் பெயரில், எத்தனை வருஷத்துக்கு என்று எழுதியிருக்கு?