2 வெற்றி, 18 தோல்வி... ஆனாலும் இவர் ஹீரோதான்! ஒற்றைக் கை பிட்ச்சர் ஜிம் அபாட்டின் கதை

1993, செப்டம்பர் 4. நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியம். நியூயார்க் யாங்கீஸுக்கும் கிளீவ்லாந்து அணிக்கும் பேஸ்பால் போட்டி. கடைசி இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கிறது.

கிளீவ்லாந்துக்கு இன்னும் மூன்றே மூன்று விக்கெட்... ஸாரி, பேஸ்பாலில் அதை 'அவுட்' என்றுதான் சொல்வார்கள். அதுவரை அந்த அணியில் ஒருவரால்கூட ஒரு 'ஹிட்' அடிக்க முடியவில்லை. மைதானமே எழுந்து நிற்கிறது.

பேட்டோடு வருகிறார் கென்னி லாஃப்டன். ஓட்டத்தில் புலி. அவர் பந்தை ஓங்கி அடிக்கவில்லை. பேட்டைக் குறுக்கே பிடித்து, மெதுவாகத் தட்டி உருட்டிவிடப் பார்க்கிறார். இதற்குப் பெயர் 'பன்ட்'. பந்து கோட்டுக்கு வெளியே போய்விட, கூட்டம் அவரை நோக்கிக் கத்தித் தீர்க்கிறது.

ஏன் அவ்வளவு கோபம்? ஹிட்டே கொடுக்காத ஒரு பிட்ச்சரின் சாதனையைக் கடைசி நேரத்தில் பன்ட் வைத்து உடைப்பது மரியாதை இல்லை என்பது பேஸ்பாலின் எழுதாத சட்டம். அதோடு, பந்து வீசிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கைதான் உண்டு!

ஆனால், ஜிம் அபாட்டுக்கு பன்ட் புதிதில்லை. பள்ளி நாள்களிலிருந்தே அவரைச் சோதித்துப் பார்த்த பந்து அது.

கிளவுஸ் எங்கே போகும்?

1967 செப்டம்பர் 19-ல், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள ஃபிளின்ட் நகரில் பிறந்தவர் ஜிம். கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர். பிறக்கும்போதே அவருக்கு வலது கையில் உள்ளங்கையும் விரல்களும் இல்லை. அப்போது அவருடைய அப்பா, அம்மா இருவருக்குமே வயது 18.

சின்ன வயதில் அவருக்குக் கொக்கி வைத்த செயற்கைக் கை ஒன்றைப் பொருத்தினார்கள். அது ஜிம்முக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே கழற்றிப் போட்டுவிட்டார். பிடித்ததெல்லாம் விளையாட்டுதான்.

பேஸ்பாலில் ஒரு சிக்கல் உண்டு. பிட்ச்சர் ஒரு கையால் பந்தை வீசுவார், இன்னொரு கையில் கிளவுஸ் மாட்டியிருப்பார். வீசிய பந்து அடிபட்டுத் திரும்பி அவரிடமே வரலாம். கிளவுஸால் பிடித்து, மறு கையால் எடுத்து எறிய வேண்டும். இருப்பதே ஒரு கை என்றால்?

வீட்டருகே இருந்த செங்கல் சுவர்தான் ஜிம்முக்குப் பயிற்சியாளர். கிளவுஸை வலது கையின் நுனியில் வைத்துக்கொள்வார். இடது கையால் பந்தைச் சுவரில் எறிவார். பந்து திரும்பி வருவதற்குள் இடது கையை கிளவுஸுக்குள் நுழைத்துப் பிடிப்பார். அடுத்த நொடி கிளவுஸை வலது கைக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையை உருவி, பந்தை எடுத்து மறுபடி எறிவார். நன்றாகப் பழகியதும் ஓர் அடி முன்னால் போய் நின்றுகொள்வார். சுவர் பக்கத்தில் வர வர, பந்து சீக்கிரம் திரும்பும். கையும் அதற்கு ஏற்ற வேகத்தில் மாறியாக வேண்டும்.

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து முயன்று பாருங்கள். பத்து முறை செய்தாலே மூச்சு வாங்கும்!

சோதித்த பன்ட்

பள்ளி அணியில் ஜிம் பந்து வீசத் தொடங்கியதும் எதிரணிகள் கணக்குப் போட்டன. 'ஒரு கைதானே... பிட்ச்சர் பக்கமாகப் பந்தை உருட்டிவிட்டு ஓடிவிடலாம்' என்று அடுத்தடுத்து பன்ட் வைத்தார்கள். சுவரோடு ஆடிப் பழகியவர் ஜிம். உருண்டு வந்த பந்துகளை எடுத்து எறிந்து, ஓடியவர்களை அவுட் ஆக்கினார். விஷயம் பரவியதும் அந்தத் தந்திரம் குறைந்துபோனது.

இதைப் படிக்கும்போது 'என்ன கல்நெஞ்சக்காரர்கள்!' என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், ஜிம் தன் வாழ்க்கை முழுக்கக் கேட்டது ஒன்றே ஒன்று: என்னையும் மற்ற பிட்ச்சர்களைப் போலவே நடத்துங்கள். பன்ட் வைத்தவர்கள் அவரை விரட்டி அடிக்கப்பட வேண்டிய எதிராளியாகப் பார்த்தார்கள். 'பாவம்' சொன்னவர்களோ, அவரை ஆட்டத்துக்குள்ளேயே சேர்க்கவில்லை.

நேராகப் பெரிய மேடைக்கு!

மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் ஆடியபோதே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 1987-ல் கியூபாவுக்கே போய், ஹவானாவில் கியூபா அணியைத் தோற்கடித்தார். கியூபா மண்ணில் அந்த அணியை ஓர் அமெரிக்க பிட்ச்சர் வென்று சுமார் 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டுக்கான, அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்குரிய சல்லிவன் விருதும் அவருக்குக் கிடைத்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சிப் போட்டியாக நடந்தது. இறுதிப் போட்டியில் ஜப்பானை அமெரிக்கா 5-3 என்று வென்றபோது, முழு ஆட்டத்தையும் வீசி முடித்தவர் ஜிம்.

அமெரிக்காவில் பெரும்பாலான வீரர்கள் மைனர் லீக் அணிகளில் சில ஆண்டுகள் ஆடிவிட்டுத்தான் மேஜர் லீக்குக்கு வருவார்கள். நம் ஊரில் ரஞ்சி ஆடிவிட்டு இந்திய அணிக்கு வருவது மாதிரி. 1989-ல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி ஜிம்மை நேராக மேஜர் லீக்கிலேயே இறக்கியது. 'டிக்கெட் விற்க ஒரு விளம்பரம்' என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். முதல் ஆண்டு 12 வெற்றி, 12 தோல்வி. 1991-ல் 18 வெற்றி, 11 தோல்வி. லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான 'சை யங்' விருது வாக்கெடுப்பில் மூன்றாவது இடம். முணுமுணுப்பு அடங்கியது.

அந்தச் சனிக்கிழமை

1993-ல் யாங்கீஸ் அணிக்கு மாறினார். நியூயார்க் ரசிகர்கள் பொறுமைக்குப் பெயர்போனவர்கள் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் இதே கிளீவ்லாந்து அணி அவரது பந்தைப் பிரித்து மேய்ந்தது. நான்காவது இன்னிங்ஸைக்கூட முடிக்காமல், 7 ரன்களைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

ஆறே நாள் கழித்து, மீண்டும் அதே அணி. ஆல்பர்ட் பெல், ஜிம் தோம், இளம் மேனி ராமிரெஸ் என்று அடித்து நொறுக்குபவர்கள் வரிசையாக நின்றார்கள். அன்று ஜிம்மின் பந்துவீச்சு அப்பழுக்கில்லாதது என்று சொல்ல முடியாது. ஐந்து பேரை 'வாக்' கொடுத்து பேஸுக்கு அனுப்பினார், 'ஸ்ட்ரைக் அவுட்' மூன்றுதான். ஆனால் ஹிட்... பூஜ்யம்.

பன்ட் முயற்சி தோற்ற லாஃப்டன், அடுத்து தரையோடு அடித்து அவுட். ஃபெர்மின் தூக்கி அடித்த பந்தை பெர்னி வில்லியம்ஸ் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தார். கடைசியாக பயெர்கா அடித்த பந்து தரையில் ஓட, வெலார்டி எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். அவுட்! யாங்கீஸ் 4, கிளீவ்லாந்து 0. இதற்குப் பெயர் 'நோ-ஹிட்டர்'. எத்தனையோ ஜாம்பவான்கள் ஒன்றுகூட வீசாமலே ஓய்வு பெற்றிருக்கிறார்கள்.

யாரும் சொல்ல விரும்பாத ஆண்டு

சினிமா என்றால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். வாழ்க்கை போடவில்லை.

ஆரம்ப நாள்களில் மணிக்கு 145 கிலோமீட்டரைத் தாண்டிய அவரது பந்தின் வேகம் குறையத் தொடங்கியது. 1996-ல் மறுபடி ஏஞ்சல்ஸ் அணியில் ஆடினார். அந்த ஆண்டுக் கணக்கு: 2 வெற்றி, 18 தோல்வி. மைனர் லீக் பக்கமே போகாமல் வந்தவரை, நடுவில் மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள். 1997 சீசன் தொடங்கும் முன்பே அணியிலிருந்து விடுவித்தார்கள். அந்த ஆண்டு முழுக்க அவர் ஆடவில்லை.

ஜிம்மைப் பற்றிய 'தன்னம்பிக்கை' வீடியோக்களில் இந்த ஆண்டு பெரும்பாலும் வருவதில்லை. எனக்கு என்னவோ, அவர் கேட்டது முழுசாகக் கிடைத்த ஆண்டு இதுதான் என்று தோன்றுகிறது. பந்து சரியாகப் போகவில்லை, வேலை போனது. கை இல்லை என்பதற்காக யாரும் ஒரு சலுகையும் காட்டவில்லை. எல்லா பிட்ச்சருக்கும் நடப்பது அவருக்கும் நடந்தது.

1998-ல் திரும்பி வந்தார். இம்முறை குறுக்கு வழி இல்லை. மைனர் லீக்கின் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் ஊராக ஏறி, செப்டம்பரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு வந்தார். ஐந்து போட்டிகள், ஐந்திலும் வெற்றி!

1999-ல் மில்வாக்கி அணி. அந்த லீக்கில் அப்போது பிட்ச்சர்களும் பேட் பிடிக்க வேண்டியிருந்தது. அதுவரை அவர் ஆடிய லீக்கில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கையோடு 21 முறை அடிக்க முயன்று இரண்டு ஹிட் எடுத்தார். பந்துவீச்சில் 2 வெற்றி, 8 தோல்வி. அதோடு ஓய்வு. மொத்தக் கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி.

மகள் கேட்ட கேள்வி

விளையாடிய காலம் முழுக்க அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. கை, கால் குறையோடு பிறந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் மைதானத்துக்கு வருவார்கள். தோற்ற நாளிலும் அந்தக் குழந்தைகளிடம் அவர் உட்கார்ந்து பேசுவார்.

ஆனால், அவரை அசைத்துப் பார்த்தது சொந்த மகளின் கேள்வி. ஓய்வுக்குப் பிறகு, மழலையர் பள்ளியில் பெற்றோர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நாள். ஜிம் பேசி முடித்ததும், எல்லாக் குழந்தைகளுக்கும் நடுவிலிருந்து மகள் கேட்டாள், அப்பாவுக்குத் தன் குட்டிக் கை பிடிக்குமா என்று.

அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பிடிக்கும் என்றார். எப்போதும் பிடித்திருந்தது இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

அந்த நோ-ஹிட்டரின் கடைசி இன்னிங்ஸ் வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு பந்தும் கையைவிட்டுப் போன அடுத்த கணமே அந்த இடது கை கிளவுஸுக்குள் போய்விடும். கவனித்துப் பார்க்கவில்லை என்றால், அது எப்போது போனது என்றே உங்களுக்குத் தெரியாது.