முதியோர் விழாதிருக்க ஒரு கைக்கணினிப் பயிற்சி

மனித உடல் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், கண்ணும் உட்செவியும் பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகளும் ஓயாமல் அனுப்பும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்து, கால் தசைகளின் இறுக்கத்தை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதுமையில் இவ்வுணர்வுகள் மங்கித் தசைகளும் தளர்வதால், இளமையில் எளிதாகச் சமாளித்த இடறல்கூட விழுவதில் முடிகிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எனினும் சமநிலை என்பது பயிற்சியால் மேம்படக்கூடிய திறனே.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் இதை 1990களிலேயே காட்டியது. ஆனால் அதற்குப் பயிற்றுநர் வீடு தேடி வர வேண்டியிருந்தது. அப்பணியைக் கைக்கணினி ஏற்கும்படி, சிட்னியின் நியூரோசயன்ஸ் ரிசர்ச் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் கிம் டெல்பேர் குழுவினர் 'ஸ்டாண்டிங்டால்' என்னும் செயலியை உருவாக்கினர். ஒற்றைக் காலில் நிற்றல், பக்கவாட்டில் அடிவைத்தல், சிறு பெட்டிமேல் ஏறி இறங்குதல் என அது காட்டும் பயிற்சிகள், செய்பவரின் முன்னேற்றத்துக்கேற்பக் கடினமாகின்றன. தரைக்குப் பதில் மெத்தென்ற நுரைத்திண்டின்மேல் நிற்கும்போது பாதங்கள் தரும் செய்தி தெளிவிழப்பதால், மூளை மற்றப் புலன்களை நம்பி உடலை நிறுத்தப் பழகுகிறது.

70 வயதும் அதற்கு மேலும் ஆன 503 பேரிடம் இச்செயலியைக் கொண்டு நடந்த இரண்டாண்டு ஆய்வு 2021இல் வெளியானது. பயிற்சி நேரம் சிறுகச் சிறுகக் கூட்டப்பட்டு வாரத்துக்கு 2 மணி நேரமானது. இப்பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிட்டால், முதலாண்டில் விழும் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு இல்லை; இரண்டாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுதல் 16 விழுக்காடும், விழுந்து காயமடைந்தோரின் விகிதம் 20 விழுக்காடும் குறைந்திருந்தன. ஆகவே கருவியைவிட, இடையில் விட்டுவிடாத தொடர்ச்சிக்கே முதலிடம் தர வேண்டும்.

ஜித்தாவின் ஷரஃபியாவில் வாழும் தமிழருள் பெற்றோரை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு இது மிக நெருக்கமான செய்தி. கைக்கணினி வாங்கி அனுப்புவதோடு நில்லாமல், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு, அதாவது ஊரில் 10.30 மணிக்கு, காணொளி அழைப்பில் அம்மாவோடு சேர்ந்து பயிற்சி செய்யும் மகன் அத்தொடர்ச்சியைக் காக்க முடியும். முன்பே விழுந்தவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும், உடலியக்கத்தைச் சோதித்துப் பயிற்சி வகுக்கும் பிசியோதெரபிஸ்டைக் கண்ட பிறகே தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி சேவை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது.