கை கழுவ இரண்டு குடம்

நோய்க்குப் பயந்து ஒரு காலத்தில் கிணறுகளை மூடியது மும்பை. நூறாண்டு கழித்து வந்த நோய், அந்நகரின் தண்ணீர்க் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று 2020 மார்ச்சில் நாடெங்கும் அறிவுரை ஒலித்தது. தாராவியில் எழுந்த கேள்வி வேறு: எந்தத் தண்ணீரில்?

சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர். குழாயில் தண்ணீர் வருவது நாளைக்குச் சில மணி நேரம். அதற்குள் குடமும் டிரம்மும் நிரம்பியாக வேண்டும். குவளையில் மொண்டு சிக்கனமாகக் கழுவினாலும் ஒரு முறைக்கு அரை லிட்டர். ஐந்து பேர் ஆளுக்குப் பத்து முறை கழுவினால் 25 லிட்டர், அதாவது இரண்டு குடம். குடிசைப் பகுதிக்கு மாநகராட்சி அப்போது வைத்திருந்த அளவு ஆளுக்கு 45 லிட்டர்தான். அடுக்குமாடிகளுக்கு 135.

ஏப்ரல் 1-ல் தாராவியில் முதல் தொற்று உறுதியானது. சுமார் எண்பது சதவீதம் பேர் பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் இடம். என்ன ஆகுமோ என்று நகரமே நடுங்கியது. மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் டாக்டர்களும் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். ஜூலை 10-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை உதாரணம் காட்டினார். நியாயமான பாராட்டுத்தான்.

ஆனால் அதே மாதம் வெளியான இன்னொரு கணக்கு அவ்வளவு இனிப்பானதல்ல. வைரஸ் ஏழை, பணக்காரன் பார்க்காது என்ற பேச்சை அது பொய்யாக்கியது. தாராவிக்கு வெளியே, மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் ஆகிய வார்டுகளில் 6,936 பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. குடிசைவாசிகளில் 57 சதவீதத்தினருக்குத் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. மற்றவர்களில் 16 சதவீதம். மக்கள் நெரிசலுடன், பொதுக் கழிப்பறையையும் பொதுக் குழாயடியையும் ஆய்வாளர்கள் காரணமாகக் குறிப்பிட்டார்கள்.

காலடியில் தண்ணீரே இல்லையா? இருக்கிறது, கொஞ்சம். மும்பை எரிமலைப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. வெடிப்புகளிலும் சிதைந்த மேல்மண்ணிலும்தான் நீர் தங்கும். மீட்டி ஆற்றுக்கும் மாஹிம் கழிமுகத்துக்கும் பக்கத்திலுள்ள தாராவியில் சாக்கடையும் உப்பும் அதையும் கெடுத்துவிட்டன. குடிநீர் வருவது ஏழு ஏரிகளிலிருந்து.

ஆனால் ஒரு காலத்தில் பம்பாய் கிணற்று நீரை நம்பிய ஊர். 1725-ல் ஒரு பார்சி வெட்டிய பீக்கா பெஹ்ராம் கிணறு, கடலுக்கு அருகிலிருந்தும் இன்றுவரை இனிக்கிறது. மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1896-ல் பிளேக் வந்தது. அதன் விளைவாகப் பிறந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட்தான், பின்னாளில் தமிழர்கள் குடியேறிய மாட்டுங்காவைத் திட்டமிட்டது. அடுத்த கவலை மலேரியா. 1911-ல் டாக்டர் பென்ட்லியின் அறிக்கை, கிணறுகள் கொசு வளர்க்கின்றன என்றது. மதச் சடங்குக்குக் கிணற்று நீர் வேண்டும் என்று பார்சிகள் எதிர்த்தும் பல கிணறுகள் மூடப்பட்டன, தூர்க்கப்பட்டன.

மிஞ்சிய கிணறுகளும் போர்வெல்களும் இன்று டாங்கர்களுக்குத் தீனி. வாடிக்கையாளர்கள் கட்டட வேலைக்காரர்களும் ஓட்டல்களும் குடியிருப்புச் சங்கங்களும். கொரோனாவின் நடுவே, 2020 செப்டம்பர் 24-ல் மத்திய அரசு நிலத்தடி நீருக்குப் புதிய விதிகள் கொண்டுவந்தது. வீட்டு உபயோகத்துக்கு விலக்கு. டாங்கரில் விற்பவர்களுக்கு அனுமதிச் சான்று கட்டாயம். நெரிசலான மும்பையில் நடக்கிற காரியமா இது என்பது மும்பை டாங்கர் சங்கத்தின் வாதம். நிலத்தடி நீர் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

2025 ஏப்ரல் 10-ல் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. குடியிருப்புகள் தவித்தன. மாநகராட்சி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுத்தது, 2020-ல் ஊரடங்குக்குப் பயன்பட்ட அதே சட்டம். தனியார் கிணறுகளையும் டாங்கர்களையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்ததும், 14-ஆம் தேதி வேலைநிறுத்தம் வாபஸானது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் டாங்கர்கள் மறுபடி வந்து நின்றன.

தாராவியின் உள்சந்துகளில் டாங்கர் நுழையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அங்கே தண்ணீர் இன்னமும் குடத்தில்தான், இடுப்பில் ஏறித்தான் போகிறது.