முத்துலட்சுமி அம்மையாரும் பெண்டிர் வாக்குரிமையும்

தேர்தல் நாளன்று மங்கலம்பேட்டையிலும் பிற ஊர்களிலும் வாக்குச்சாவடியின் முன் மக்கள் வரிசையாக நிற்பர். நிலமுடையாரும் நிற்பர், அந்நிலத்தில் நாற்று நடும் மகளிரும் நிற்பர். இருவர் வாக்கிற்கும் மதிப்பு ஒன்றே. இவ்வுரிமை பெண்டிர்க்குத் தானே வந்து வாய்த்ததன்று. பலர் பன்னாள் பாடுபட்டுப் பெற்றதாகும். அவருள் ஒருவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

இவர் 1886 ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆடவர் பயிலும் கல்லூரியில் பெண்ணொருத்தி பயில்வதா எனச் சிலர் எதிர்த்தனர். மன்னரோ அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். 1912 ஆம் ஆண்டில் அம்மையார் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் பெண்டிர்க்கு வாக்குரிமை இல்லை. 1917 ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் குழுவினர் இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் கண்டு இவ்வுரிமையைக் கேட்டனர். 1921 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபை அதனை வழங்கியது. ஆயினும், சொத்துடையாரும் வரி செலுத்துவோருமே வாக்களிக்க இயலும் என்பது அன்றைய விதி. ஆதலின், பெண்டிருள் மிகச் சிலரே பயன் பெற்றனர். கதவு திறந்தது; ஆனால், முழுதும் திறக்கவில்லை.

அக்கதவின் வழியே உட்புகுந்தவர் முத்துலட்சுமி அம்மையார். 1927 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதற்பெண் உறுப்பினர் அவரே. உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். அவ்விருக்கையை அவர் தமக்குக் கிடைத்த பெருமையாகக் கொள்ளவில்லை. அங்கு வந்து பேச இயலாதாரின் குரலாக இருத்தலே தம் கடமை எனக் கொண்டார். சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவ்வாண்டிலேயே தீர்மானம் கொணர்ந்தார். அவர் தாயார் அவ்வழக்கத்தால் துன்புற்ற குலத்தினர். எதிர்ப்புப் பல எழுந்தும் அவர் தளரவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1947 ஆம் ஆண்டில், அது சட்டமாயிற்று.

1930 ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் தம் பதவியைத் துறந்தார். பதவி போயினும் பணி நிற்கவில்லை. ஆதரவற்ற பெண்களுக்கென ஔவை இல்லம் கண்டார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என மாதர் சங்கத்தாருடன் சேர்ந்து வற்புறுத்தினார். பின்னர்ப் பெண்கள் பலர் சட்டசபை புகுந்தனர். அவருள் ஒருவர், 1937 ஆம் ஆண்டில் உறுப்பினரான கடலூர் அஞ்சலை அம்மாள்.

1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, சொத்தும் கல்வியும் நோக்காது அனைவர்க்கும் வாக்களித்தது. எனினும், முதற்பொதுத்தேர்தலின்போது வடமாநிலங்களில் மகளிர் பலர் தம் பெயரைக் கூறாது, ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்றே கூறினர். அதனால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாது போயினர். சட்டம் உரிமையைத் தரும். அதனைத் தம் பெயராலே எடுத்துக்கொள்ளும் துணிவைக் கல்வியே தரும். எதிர்ப்பிடையே கல்லூரி வாயிலை மிதித்த அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.