பதுளைக் கோச்சியும் லயத்து வாசலும்

எல்ல நகரத்து முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும், உலகத்து நாடுகள் எல்லாம் குணவாரியாகப் பிரிக்கப்பட்டுவிடும். ஜெர்மன்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். ரஷ்யாக்காரர் சிரிக்கமாட்டார், கை மட்டும் தாராளம். இங்கிலாந்துக்காரர் ஒரு மிடறு தண்ணீருக்கும் நன்றி சொல்வார். இந்தியாக்காரர் பேரம் பேசாமல் காலை உள்ளே வைக்கமாட்டார். பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. இலங்கையர் எப்போதும் சிரித்த முகம், கேட்காமலே உதவுவார்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழைகளானாலும் மனநிறைவோடு வாழ்கிறார்கள்.

முன் இருக்கைக் கணக்கால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. அதிகம் போனால் ஒரு சவாரிக்கு இருநூறு ரூபாய் கூடும் அல்லது குறையும். பின் இருக்கைக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. எல்ல, பதுளை எல்லாம் அடங்கிய ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றி வெளியாட்கள் எழுதிவைத்த குணச்சான்றுகள், அவர்கள் எந்த நாட்டில் வாழலாம் என்பதையும், தங்கள் வாசலில் யாரை வரவேற்கலாம் என்பதையும்கூடத் தீர்மானித்திருக்கின்றன. இன்று விருந்தோம்பலுக்குப் பேர்போன மலைநாடு என்று பயண விளம்பரங்கள் எழுதும் இதே மலைகளில், ஒரு காலத்தில் தொழிலாளி தன் வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பதே குற்றமாகப் பார்க்கப்பட்டது.

அன்றைய பயணி வேறு ரகம். அவர் வெள்ளைக்காரர், குதிரையில் அல்லது மாட்டுவண்டியில் வருவார், தங்குவதற்கு வாடிவீடு இருக்கும். பதுளையை நிர்வகித்த மேஜர் ரொஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி இறந்தது அப்புத்தளை வாடிவீட்டில்தான். பிறகு பண்டாரவளை ஹோட்டல் 1893இல் வந்தது, அடுத்த ஆண்டு ரயிலும் பண்டாரவளையை எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைப் பாலம் கட்டிக் கடந்தும் தண்டவாளம் போட இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. தெமோதரையில் பாதை ஒரு வட்டம் சுற்றி நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைகிறது. இன்று உலகமே படம் எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. பதுளைக்கு முதல் ரயில் 1924 ஏப்ரலில் வந்தது.

வாடிவீடு இல்லாத இடத்தில் பயணியைத் தாங்கியது தோட்டத்தை நடத்திய துரையின் பங்களா. அறிமுகமில்லாத வெள்ளைக்காரர் இருட்டில் வந்து நின்றாலும் கட்டிலும் சாப்பாடும் கிடைக்கும். இலங்கைத் தோட்டத் துரைமாரின் தாராளம் அந்தக் காலப் பயண நூல்களில் திரும்பத் திரும்பப் புகழப்படுகிறது. புகழ் பொய்யில்லை. ஆனால் அந்த விருந்துக்கு மேசை போட்டவர் பங்களாச் சமையல்காரரான அப்பு. பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தவரும் விறகு பிளந்தவரும் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீடுகளின் ஆட்கள். உபசரித்த கைகள் அவர்களுடையவை, உபசரிப்பின் பெயர் வேறொருவருக்கு. அப்புத்தளைக்கு மேலே சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா இப்போது பெனடிக்ற் துறவிகளின் மடம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் குடும்பத்தோடு போய்த் தோட்டம் பார்த்து ஜாம் வாங்கி வருகிறார்கள். முன்பு பின்வாசலால் மட்டும் நுழைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் முன் கூடத்தில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கிறது.

பங்களாவின் கதவு திறந்திருந்த அதே காலத்தில் லயத்தின் வாசல் மூடியிருந்தது. தோட்டம் முழுவதும் கம்பனியின் தனிச்சொத்து. வெளியாள் லயத்துக்குள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல். உள்ளே இருப்பவர் வெளியே போவதும் லேசில்லை. கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1921இல், ஒன்பது வளைவுப் பாலம் முடிந்த அதே ஆண்டில்.

இந்தப் பூட்டை உடைக்கத் தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் கண்ட வழி மலையகத்தில் எல்லோரும் சொல்லும் கதை. தோட்டத்துக்குள் நேர்வழியில் போக அனுமதியில்லை என்று தெரிந்ததும் துணி வியாபாரியாக வேடம் போட்டு லயங்களுக்குள் போனார். சேலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சம்பளம், கடன், அடி, உதை எல்லாவற்றையும் கேட்டறிந்தார். பின்னாளில் மலையகத் தொழிற்சங்கத்துக்கு முதல் கால்கோள் இட்டவர் அவர். அந்தக் கதையை நினைக்கும்போது நான் அவருடைய துணிச்சலோடு இன்னொன்றையும் நினைப்பேன். மூட்டைக்காரர் உண்மையில் யார் என்று தெரிந்த பின்னும் காட்டிக்கொடுக்காமல் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், இடம்போட்டுக் கொடுத்த குடும்பங்கள் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

துரை என்றால் இப்படித்தான் என்ற எண்ணமும் ஒருமுறை ஆட்டம் கண்டது. மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் மடுல்கலைப் பக்கம் தோட்டத் தொழில் பழக வந்தவர், தொழிலாளரோடு சமமாகப் பழகி மேடையேறி அவர்களுக்காகப் பேசினார். 1937இல் கவர்னர் அவரை நாடுகடத்த உத்தரவிட, உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வெள்ளைக்காரரிலும் நம்ம பக்கம் நிற்கும் ஆள் உண்டு என்று தோட்டம் தோட்டமாகப் பேச்சு பரவியது. 1940 மே மாதம் ஊவாவே கொதித்தது. பதுளையில் தடையை மீறிக் கூட்டம் கூடியது. வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து, அதைக் கலந்துகொண்டுதான் துரை தோட்டம் நடத்த வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சாதுவான, சொன்னதைக் கேட்கும் கூலிகள் என்று துரைமார் எழுதிவந்த சான்றிதழுக்கு ஊவா கொடுத்த பதில் அது.

அந்த மூடிய லயத்துக்குள்ளும் விருந்து நடந்துகொண்டுதான் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதில் அடுப்பு. வேறு தோட்டத்திலிருந்து சொந்தக்காரர் வந்தால் முதலில் கால் கழுவத் தண்ணீர். பிறகு பெரிய டம்ளரில் தேத்தண்ணி. சீனியை அதில் போடமாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் வைப்பார்கள், அதை நக்கிக்கொண்டு சூடாகக் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்தால் இரண்டு பேருக்கான சீனி நான்கு பேருக்குக் காணும். தேயிலையும் நல்ல தேயிலையில்லை. நல்லது கப்பலேறிவிடும், லயத்துக்குக் கிடைத்தது தூள். கோதுமைமா ரொட்டி தணலில் வேகும்போதே அம்மியில் கொச்சிக்காய்ச் சம்பல் அரைபடும். இரவில் விருந்தாளிக்குக் காம்பரா, வீட்டுக்காரருக்கு இஸ்தோப்பு. மாசியில் காமன் கூத்து என்றால் ஒரு காம்பராவில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்து எழும்புவார்கள். அடுத்த லயத்திலிருந்து பாயும் கம்பளியும் வந்து சேரும். யாரும் கேட்கப் போக வேண்டியதில்லை.

இந்த மக்களுக்குத்தான் நாடு இல்லை என்று 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சொன்னது. ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’, ‘இந்தியாக்காரன்’ என்று மூன்று பட்டம். முதலாவது முழுப்பொய். ஆள்சேர்த்த கங்காணியின் கணக்கில் பெயரெழுதி அரசாங்கம் அறியக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். பதுளை, அப்புத்தளை, பண்டாரவளை நிலையங்களில் டிரங்குப் பெட்டியும் பாத்திர மூட்டையுமாகக் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலைப் பிடித்தார்கள். இராமேஸ்வரத்தில் இறங்கியதும் பட்டம் மாறியது. நேற்றுவரை இந்தியாக்காரனாக இருந்தவர் அன்றிலிருந்து சிலோன்காரர். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் அவர்களுடைய பிள்ளைகளை அந்தப் பெயரால் சுட்டுகிறார்கள். ஒரே மனிதர், இரண்டு கரைகளிலும் அந்நியர்.

அதே தண்டவாளத்தில்தான் இன்று பயணிகள் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவ்வளவு அழகான பாதை அது. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் அவருடைய அக்கா, தம்பி எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலும் திருச்சி, நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்று வரும்.

அயலவரைப் பற்றிய முத்திரைகளும் ஊவாவில் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1983 ஜூலை 27 அன்று பதுளை நகரத்தில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சிங்களவர் என்றாலே பயம் என்ற நினைப்பு அந்தத் தலைமுறையின் எலும்பில் ஏறியது. அதே நாளில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டு உள்ளறையில் ஒளித்துவைத்துச் சோறு போட்ட சிங்களக் குடும்பங்களும் உண்டு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பியவர்கள் கொஸ்லாந்தை, பூனாகலைப் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். அங்கே சோற்றுப் பார்சலும் துணியும் கொண்டுவந்தவர்களில் சிங்களக் கிராமத்தவர், முஸ்லிம் கடைக்காரர், பௌத்த பிக்குகள் எல்லோரும் இருந்தார்கள். எரிந்த நகரமும் சோறு கொடுத்த வாசலும் ஒரே மாவட்டம். ஓர் இனத்துக்கு ஒரு குணம் என்று எழுதுகிறவர்கள் பதுளைக்கு வந்து அந்த வரியை எழுதட்டும்.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன போகும் பஸ்ஸில் காலையில் கூடைக்காரப் பெண்களும் முதுகுப்பை வெளிநாட்டாரும் தோள் உரசி நிற்கிறார்கள். தேயிலை முதலாளி லிப்டன் 1890இல் கட்டிய தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, இன்னும் ஓடுகிறது. அதற்கு மேலே அவர் உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த முகட்டில் இப்போது கோப்பை பிடித்த அவருடைய சிலை இருக்கிறது. போகும் வழியில் லயத்துக் குடும்பங்கள் சிறு கடை போட்டு தேத்தண்ணி, ரொட்டி, வடை விற்கின்றன. அத்துமீறல் என்று துரத்தப்பட்ட வெளியாள் இன்று நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறார்.

வழியில் ஒரு முறைப்பாடு அடிக்கடி காதில் விழும். கொழுந்து பறிக்கிறவர்கள் படம் எடுக்கக் காசு கேட்கிறார்களாம், பழைய அன்பு போய்விட்டதாம். இந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். கூடையும் சிரிப்புமாக நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவத்தை நூறு வருடத்துக்கு மேலாகத் தேயிலைப் பெட்டியிலும் சுவரொட்டியிலும் அச்சடித்து உலகம் முழுக்க விற்றார்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரிக்குச் சல்லிக்காசு போகவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்படவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அதிலும் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அட்டைக்கடியோடு சரிவில் நிற்கும் பெண், வேலையை நிறுத்தி முகத்தைத் திருப்பிக் காட்டுவதற்கு இருநூறு ரூபாய் கேட்டால் அது கூலி. அதே பெண் மாலையில் தன் வீட்டு வாசலில் நின்று தேத்தண்ணிக்கு அழைத்தால் காசை வாங்கமாட்டார். முதலாவதைக் கண்டு பேராசை என்பவர்கள் இரண்டாவதைப் பார்க்கும்வரை அங்கே நின்றதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாணம், போர், அகதி முகாம் என்று ஒரே கோட்டில் நினைத்துக்கொண்டு பண்டாரவளையில் இறங்காதீர்கள். இங்கே பேசும் தமிழில் உங்கள் பாட்டியின் திருச்சி, சேலத்துப் பேச்சு கேட்கும். அதைக் கேட்டுவிட்டு ‘நீங்க நம்ம ஊர்க்காரங்கதானே’ என்றும் சொல்லிவிடாதீர்கள். இந்த நாட்டுக்காரர்தான் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவழியாக முடித்துவைப்பதற்குள் மூன்று தலைமுறை கழிந்துவிட்டது. அன்பாகச் சொல்லும் அந்த வார்த்தை இங்கே பழைய பட்டம் ஒன்றின் காயத்தில் போய்ப் படும்.

மாறாத ஒன்று வாசலின் உரிமை. எல்லவில் வீட்டோடு தங்கவைக்கும் விடுதிகள் பெருகியிருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் காணி உறுதி உள்ளவர்கள், அல்லது வெளியூர் முதலாளிகள். தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே அறை கூட்டுகிறார்கள், சமைக்கிறார்கள், வழிகாட்டுகிறார்கள், வாடகை முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்கள். லயத்துக் காம்பரா அவர்கள் பெயரில் இல்லை. ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனிவீடு கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பங்களாக் காலத்தைப் போலவே உபசரிக்கும் கை ஒருவருடையது, பெயர்ப்பலகை இன்னொருவருடையது. மலையகத்தில் விருந்தோம்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் காணி உறுதியைப் பற்றிப் பேசாமல் போனால் பாதியைத்தான் பேசுகிறார்கள்.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவரின் வண்டியில் பாலம்வரை போனபோது இதைத்தான் கேட்டேன், வீட்டுக்கு விருந்தாளி கூட்டிப் போனதுண்டா என்று. “கூட்டிட்டுப் போயிருக்கேன் அண்ணே. அம்மா ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க, பிரான்ஸ் ஜோடி ஒண்ணு அழுதுட்டே போச்சு. காசுக்கு வச்சிக்க ஏலாது, வீடு தோட்டத்து வீடு. உறுதி கையில வந்தா பின்னால ஒரு காம்பரா இழுப்பேன். கல்லு எவ்வளவு, சீமெந்து எவ்வளவுன்னு மாமா கணக்குப் போட்டு வச்சிருக்காரு. ஜன்னல் பள்ளத்தாக்குப் பக்கம்.” இந்தத் தம்பியைப் போல் உறுதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பசறையிலிருந்து ஹல்துமுல்லை வரை தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள்.