கடலிடைக் கலைக் கருவூலம்

மும்பையின் 'இந்திய நுழைவாயில்' துறையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது காராபுரித் தீவு. அங்கு நின்றிருந்த கல்யானையைக் கண்ட போர்த்துக்கீசியர் அதற்கு எலிஃபண்டா எனப் பெயரிட்டனர்.

புனே நகரின் பாதாளேசுவரர் குகையைப் போன்றே, இங்குள்ள குடைவரைகளும் தக்காண எரிமலைப் பாறையில் குடையப்பட்டவை. சுமார் 6 மீட்டர் உயரமுள்ள மும்முகச் சதாசிவன் திருவுருவம் இவற்றுள் தலைசிறந்தது.

துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த கடற்பகுதியில் சிற்பங்களை மட்டும் காத்தல் போதாது. சுற்றுப்புறத்தையும் காத்தல் வேண்டும். எனவே, 1985-இல் தீவும் அதன் கரையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையுள்ள பரப்பும் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டன. 1987-இல் குகைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின.

1990-இல் அச்சிறப்பைப் பெற்ற கிரேக்க நாட்டின் டீலோஸ் தீவில் ஊர் ஏதுமில்லை. காராபுரியிலோ மூன்று சிற்றூர்கள் உள்ளன. கடலடிக் கம்பிவடம் வழியே அவற்றிற்கு மின்சாரம் கிட்டியது 2018-இல்தான். தொன்மையையும் இயற்கையையும் பேணும் விதிகள், அங்கு வாழும் மக்களின் அடிப்படைத் தேவைகளுக்கும் இடமளித்தல் இன்றியமையாததாகும். மக்களின் ஒத்துழைப்பே பாதுகாப்பிற்கு உறுதியான அரண் எனலாம்.